பழைய கிட்டாருக்கு விலை சொல்வதற்கு முன்

சென்னையில் பழைய அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்றை வாங்கவோ விற்கவோ நினைப்பவர்கள் பெரும்பாலும் அதன் தலைப்பகுதியில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து ஒரு விலையை மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். பிறகு கீறல்களையும் விரிசல்களையும் பார்த்து அதிலிருந்து கழிக்கிறார்கள். பழைய கிட்டார்களைச் சீர்செய்து விற்றுவரும் எனக்கு அந்த முறையில் உடன்பாடு இல்லை. விலையை உண்மையில் தீர்மானிப்பது கழுத்து உடலோடு சேர்ந்திருக்கும் கோணம். அந்தக் கோணத்தை நம்பி அளக்க வேண்டுமானால், கிட்டாரின் மரம் முதலில் சரியான ஈரப்பதத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். கடலோரத்தில் இருக்கும் நம் ஊரில் இந்த இரண்டாவது நிபந்தனையைப் பலர் பொருட்படுத்துவதில்லை. அதனாலேயே நல்ல கிட்டார்கள் சில, தேறாதவை என்று ஒதுக்கப்பட்டு அடிமாட்டு விலைக்குப் போய்விடுகின்றன.

கோணம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 0.012 அங்குலம் முதல் 0.053 அங்குலம் வரை தடிமன் கொண்ட வழக்கமான எஃகுத் தந்திகளைச் சுருதிக்கு ஏற்றினால், ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமமான விசையில் கழுத்தையும், தந்திகளின் மறுமுனை பூட்டப்படும் மரக்கட்டையான பிரிட்ஜையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கின்றன. இந்த இழுவை பல பத்தாண்டுகள் தொடரும்போது கழுத்து மெல்ல முன்னோக்கிச் சாய்கிறது. பிரிட்ஜுக்குப் பின்னால் மேற்பலகை சிறிது மேடாகிறது. தந்திகள், கழுத்தின் மேல் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளிலிருந்து உயர்ந்துகொண்டே போகின்றன. வாசிப்பவருக்கு விரல் வலிக்கும்போது பழுதுபார்ப்பவர் பிரிட்ஜின்மேல் தந்திகளைத் தாங்கும் மெல்லிய பட்டையான சேடிலைத் தேய்த்து உயரத்தைக் குறைத்துக் கொடுப்பார். சேடில் முழுவதும் தேய்ந்து முடிந்த பிறகு எஞ்சும் ஒரே முறையான வழி, கழுத்தின் பொருத்தை நீராவியால் இளக்கிக் கழற்றி, அடிப்பகுதியைச் செதுக்கிக் கோணத்தைத் திருத்தி மறுபடியும் பொருத்துவது. அதைப் பொறுப்பாகச் செய்யத் தெரிந்தவர்கள் இங்கே மிகக் குறைவு; அதற்கு ஆகும் செலவு பல கிட்டார்களின் விலையைவிட அதிகம்.

கோணத்தைச் சோதிப்பது எளிது. தந்திகளைச் சரியான சுருதிக்கு ஏற்றிவிட்டு, நேரான நீண்ட இரும்பு ஸ்கேல் ஒன்றை ஃப்ரெட்டுகளின் மேல் நடுவாக வைத்துப் பிரிட்ஜ் வரை நீட்ட வேண்டும். ஸ்கேலின் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பைத் தொட்டாலோ அதற்குச் சற்று மேலே நின்றாலோ கோணம் நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம். முனை பிரிட்ஜின் முன்பக்கத்தில் போய் முட்டினால், மேல்விளிம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் கீழே முட்டுகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கூடவே 12ஆவது ஃப்ரெட்டில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியையும் அளக்க வேண்டும். தடித்த தந்தியில் 2.4 முதல் 2.8 மில்லிமீட்டர், மெல்லிய தந்தியில் 1.6 முதல் 2 மில்லிமீட்டர் என்பது பெரும்பாலோருக்கு வசதியான உயரம்.

இந்தச் சோதனை மழைக்காலத்துச் சென்னையில் பொய் சொல்லும். மேற்பலகை மெல்லிய ஸ்புரூஸ் மரம். நல்ல கிட்டார்கள் ஏறத்தாழ 45 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் உள்ள அறைகளில் கட்டப்படுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் வீடுகளுக்குள் காலைநேர ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். ஈரத்தை உறிஞ்சிய மரம் நீளவாக்கில் அதிகம் மாறுவதில்லை. இழைகளுக்குக் குறுக்காகத்தான் விரிகிறது. ஆனால் மேற்பலகையின் ஓரங்கள் பக்கப் பலகைகளோடு ஒட்டப்பட்டிருப்பதால் விரிவதற்கு இடமில்லாமல் அது மேல்நோக்கி எழும்புகிறது. பிரிட்ஜும் அதனோடு உயர்கிறது. ஸ்கேலை வைத்துப் பார்ப்பவருக்குக் கழுத்து சாய்ந்துவிட்டதைப் போன்ற தோற்றமே கிடைக்கும். (ப்ளைவுட் மேற்பலகை கொண்ட கிட்டார்களில் இந்த அசைவு மிகக் குறைவு. 1966இல் யமஹா அறிமுகப்படுத்திய எஃப்ஜி-180 போன்றவை ஈரமான ஊர்களில் இன்றும் நேராக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். விளம்பரங்களில் சிலர் அதை ஒற்றைப் பலகை என்று எழுதுவது தவறு. ஒலித்துளையின் விளிம்பைப் பார்த்தால் போதும்: மேலே தெரியும் இழைக்கோடுகள் விளிம்பின் தடிமன் முழுவதும் இறங்கினால் ஒற்றைப் பலகை, அடுக்குகள் தெரிந்தால் ப்ளைவுட்.)

இதையெல்லாம் ஒரே வாத்தியத்தில் பார்க்கும் வாய்ப்பை எனக்குக் கொடுத்தது, வேப்பேரியில் ஒரு வீட்டிலிருந்து கார்த்திகை மழையில் என்னிடம் வந்த, மார்ட்டின் என்ற அமெரிக்க நிறுவனத்தின் டி-18 கிட்டார். அந்த வீட்டு அம்மையாரின் அண்ணன் அமெரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பியபோது கொண்டுவந்தது. அவர் காலமான பிறகு பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கிறது. “தம்பி, கழுத்து போயிடுச்சு, பதினஞ்சாயிரத்துக்கு மேல தேறாதுன்னு சொல்றாங்க. அண்ணன் உயிரா வெச்சிருந்தது. நீங்க பார்த்து உள்ளதைச் சொல்லுங்க, போதும்” என்றார் அவர். எனக்கு முன்பே அவரிடம் ஒருவர், பிரிட்ஜின் மேற்பரப்பை இரண்டு மில்லிமீட்டர் இழைத்துவிட்டால் வாசிக்கும் நிலைக்கு வந்துவிடும் என்று யோசனை சொல்லியிருந்தார். மரத்தை இழைத்த பிறகு அதைத் திரும்ப வைக்க முடியாது என்பதால், அளந்து முடிக்கும்வரை யாரையும் தொடவிடாதீர்கள் என்பதே நான் அந்த அம்மாவிடம் முதலில் கேட்டுக்கொண்டது.

பழைய வாத்தியத்தை விற்றுத்தர ஒப்புக்கொள்பவர், அதன் உண்மையான மதிப்பை உரிமையாளரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். விவரம் தெரியாத குடும்பத்திடம் மலிவாக வாங்கி மறுநாளே பல மடங்குக்கு விற்பது வியாபாரச் சாமர்த்தியம் என்று சிலர் நினைக்கலாம். என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. இந்தக் கிட்டாரை நான் விலைக்கு வாங்கவில்லை. சீர்செய்யும் செலவும் விற்பனைத் தொகையில் எனக்குரிய பங்கும் இவ்வளவு என்று தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பிறகே வேலையைத் தொடங்கினேன்.

முதலில் அடையாளம். மார்ட்டின் கிட்டார்களில் ஒலித்துளை வழியே பார்த்தால், கழுத்து உடலோடு சேரும் இடத்தில் உள்ள கட்டையில் மாதிரியின் பெயரும் வரிசை எண்ணும் பதிக்கப்பட்டிருக்கும். அந்த நிறுவனத்தின் கணக்குப்படி 1971ஆம் ஆண்டின் கடைசி எண் 294270, 1972ஆம் ஆண்டின் கடைசி எண் 313302. இந்தக் கிட்டாரின் எண் அந்த இரண்டுக்கும் இடையில் இருந்தது, ஆகவே 1972. ஆண்டைத் தெரிந்துகொள்வது விளம்பரத்தில் எழுதுவதற்கு மட்டும் உதவுவதில்லை. என்னென்ன பழுதுகளைத் தேட வேண்டும் என்பதையும் அது சொல்லிவிடுகிறது. மார்ட்டின் 1985 வரை கழுத்தின் வளைவைத் திருகிச் சரிசெய்யக்கூடிய டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டை வைக்கவில்லை. 1967 முதல் கழுத்துக்குள் சதுரமான எஃகுக் குழாய் ஒன்றைப் பதித்துவந்தது. அதனால் கழுத்து அதிகமாக வளைந்திருந்தால் ஒரு சாவியைத் திருப்பிச் சரிசெய்துவிட முடியாது. ஃப்ரெட்டுகளை எடுத்துச் சற்றுத் தடித்த அடிப்பகுதி கொண்டவற்றை அடித்து இறக்கித்தான் நேராக்க வேண்டும். தடித்த தந்தியை 1ஆவது ஃப்ரெட்டிலும் 14ஆவது ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, 7ஆவது ஃப்ரெட்டின் மேல் உள்ள இடைவெளியை, சிறு இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் அளந்தேன்: 0.2 மில்லிமீட்டர். 0.1 முதல் 0.3 வரை நல்ல அளவு என்பதால் அந்தக் கவலை அங்கேயே தீர்ந்தது.

கோணம்தான் கவலை தந்தது. ஸ்கேலின் முனை பிரிட்ஜின் மேல்விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே முட்டியது. 12ஆவது ஃப்ரெட்டில் தடித்த தந்தி 3.5 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. இந்த எண்களை மட்டும் பார்த்தால் கழுத்தைக் கழற்ற வேண்டும் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் பெட்டிக்குள் வைத்த ஈரமானி 78 காட்டியது. பெட்டியின் உட்துணியில் பூஞ்சை வாடை இருந்தது. பிரிட்ஜின் பின்விளிம்புக்குக் கீழே தாளைச் செருகினால் ஐந்து மில்லிமீட்டர் ஆழத்துக்கு உள்ளே போனது. சேடிலோ இன்னும் போதிய உயரத்தோடு இருந்தது. இதுவரை யாரும் அதை அளவுக்கு மீறித் தேய்க்கவில்லை என்பதற்கு அது சாட்சி. இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தபோது, இந்தக் கழுத்தின்மீது இப்போதே தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ஈரமானியைப் பற்றி ஒரு சொல். மலிவான ஈரமானிகள் பத்து விழுக்காடு வரை தவறாகக் காட்டக்கூடும். ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டுச் சில துளி நீர் விட்டுச் சேறு போலக் குழைத்து, ஈரமானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் முழுவதும் மூடிவைத்தால், உள்ளே ஈரப்பதம் 75 விழுக்காட்டில் வந்து நிற்கும். ஈரமானி 75இலிருந்து எவ்வளவு விலகிக் காட்டுகிறதோ அதுதான் அதன் பிழை. அதை அட்டையில் எழுதி ஒட்டிவிட்டால் பிறகு குழப்பமில்லை.

உலர்த்துவதில் அவசரம் ஆகாது. வெயிலில் வைப்பதும் ஹேர் டிரையர் காட்டுவதும் மேற்பலகையைப் பிளந்துவிடும், ஏனென்றால் மேற்பரப்பு மட்டும் முதலில் சுருங்கி, உள்மரம் விரிந்தபடியே இருக்கும். தந்திகளைத் தளர்த்திவிட்டு, கதவு நன்றாக மூடும் மர அலமாரி ஒன்றில் கிட்டாரைத் தொங்கவிட்டு, சிலிக்கா ஜெல் பைகளைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, வாரத்துக்கு ஐந்து விழுக்காட்டுக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொண்டேன். ஈரம் குடித்து நிறம் மாறிய ஜெல்லை 120 டிகிரி சூட்டில் உலர்த்தி மறுபடியும் பயன்படுத்தலாம். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் சேர்ந்திருக்கும் என்பதால், அதைத் தவிர்த்து ஆரஞ்சு நிற வகையை வாங்குவது நல்லது. சமையல் பாத்திரத்தில் எந்த வகையையும் வறுக்க வேண்டாம்.

பொங்கல் கழிந்து அலமாரிக்குள் ஈரப்பதம் 50இல் நிலைத்த பிறகு, தந்திகளைச் சுருதிக்கு ஏற்றி மறுபடியும் அளந்தேன். ஸ்கேலின் முனை இப்போது மேல்விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் மட்டுமே கீழே இருந்தது. தடித்த தந்தியின் உயரம் 3 மில்லிமீட்டராகக் குறைந்திருந்தது. எந்தக் கருவியும் கிட்டாரைத் தொடாமலேயே கோணக்குறையில் பாதி போய்விட்டது. மீதியில் ஒரு பகுதி, பின்பக்கம் எழும்பி முன்பக்கமாகச் சாய்ந்திருந்த பிரிட்ஜால் வந்தது.

பிரிட்ஜைக் கழற்றியதுதான் இந்த வேலையிலேயே நெஞ்சு படபடத்த கட்டம். அந்தக் காலத்து மார்ட்டின் கிட்டார்களின் பூச்சு நைட்ரோசெல்லுலோஸ். சூடு பட்டால் உடனே கொப்பளிக்கும். சுற்றிலும் அட்டையும் அதன்மேல் அலுமினியத் தாளும் வைத்து மறைத்து, பிரிட்ஜை மட்டும் மெல்லச் சூடாக்கி, மழுங்கிய மெல்லிய கத்தியை இழைகள் ஓடும் திசையைப் பார்த்துப் பார்த்து நுழைத்தால், பசை இளகி விட்டுக்கொடுக்கும். இழைக்கு எதிராகக் கத்தி போனால் ஸ்புரூஸ் சிம்பு சிம்பாகப் பெயர்ந்துவரும். கழற்றிப் பார்த்தபோது, பழைய பசைக்கு மேலேயே தச்சு வேலைக்கான வெள்ளைப் பசையை யாரோ செலுத்தியிருந்தது தெரிந்தது. ஒட்டிய இடம் நாற்காலிக்கால் என்றால் அது தாங்கும். கிட்டார் பிரிட்ஜில் இழுவை இரவும் பகலும் ஓய்வதில்லை. தொடர்ந்த இழுவைக்கு வெள்ளைப் பசை மெல்ல நகர்ந்து இடம் கொடுத்துவிடும். இரண்டு பரப்புகளிலும் இருந்த பசை முழுவதையும் சுரண்டி, வெறும் மரம் தெரியும்வரை சுத்தம் செய்த பிறகு வச்சிரம் காய்ச்சி ஒட்டினேன். விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் இந்தப் பசையை நம் ஊர்ப் பழைய தச்சர்கள் நன்கு அறிவார்கள். 60 டிகிரி சூட்டில் வைத்துப் பயன்படுத்த வேண்டும், கொதிக்க விட்டால் வலு போய்விடும். பூசியதும் ஆறத் தொடங்கிவிடும் என்பதால் மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திவிட்டு, பிரிட்ஜை முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கி, கிளாம்புகளை ஒருமுறை பசையில்லாமல் பொருத்திப் பார்த்துப் பழகிக்கொண்டு, அதன்பிறகே பசையைத் தொட வேண்டும். ஒரு முழு நாள் கிளாம்பில் இருந்த பிறகும், தந்தி ஏற்ற நான் மேலும் சில நாள்கள் காத்திருந்தேன்.

அதன்பின் ஸ்கேல் காட்டியது அரை மில்லிமீட்டர் குறை. தந்தி உயரம் தடித்ததில் 2.6, மெல்லியதில் 1.9. சேடிலை நான் கிட்டத்தட்டத் தொடவேயில்லை. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் உயரம் இன்னும் எஞ்சியிருந்தது. கழுத்தைக் கழற்றும் வேலை தேவைப்படவில்லை.

மற்றவை சிறிய வேலைகள். கைப்பேசியின் கேமராவை ஒலித்துளைக்குள் விட்டுப் பார்த்ததில், பிரிட்ஜுக்கு அடியில் உள்ள பலகையில் தந்திமுனைக் குண்டுகள் சில துளைகளின் ஓரத்தை அரித்திருந்தன. பலகையை மாற்றாமல் அந்த ஓரங்களில் மட்டும் கடினமான மரத்துண்டுகளைப் பதித்தேன். பின்பலகையில் இழையோடு ஓடிய மெல்லிய விரிசலில் வச்சிரத்தை அழுத்திச் செலுத்தி மூடி, உட்புறம் ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்புரூஸ் துண்டுகளை, அவற்றின் இழை விரிசலுக்குக் குறுக்காக வரும்படி ஒட்டினேன். முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் மட்டும் பள்ளம் இருந்ததால் புதிதாக ஃப்ரெட் அடிக்காமல் மட்டப்படுத்தி வடிவம் கொடுத்ததே போதுமானதாக இருந்தது. உள்ளே படிந்திருந்த தூசிக்கு ஒரு கைப்பிடி உலர்ந்த பச்சரிசியைப் போட்டுக் குலுக்கிக் கொட்டினேன்; பிரஷ் எட்டாத மூலைகளில் இருக்கும் அழுக்கையும் அரிசி வாரிக்கொண்டு வந்துவிடும்.

செய்யாமல் விட்டவற்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மறுவிற்பனையில் அவற்றுக்கும் மதிப்பு உண்டு. பூச்சில் மெல்லிய வெடிப்புக் கோடுகள் நிறைய இருந்தன. கைமுட்டி பட்ட இடத்தில் பளபளப்பு போயிருந்தது. புதிதாகப் பூச்சடித்துத் தரலாமே என்று அந்த அம்மா கேட்டார். சிறிது ஈரமான துணியால் துடைத்ததைத் தவிர வேறொன்றும் செய்யக் கூடாது என்று விளக்கினேன். பழைய கிட்டாருக்கு மறுபூச்சு அடித்தால் விலை பாதியாகக்கூடக் குறையும். பழையவற்றைத் தேடி வாங்குபவர்கள் தேடுவதே அந்த மூலப் பூச்சைத்தான். கார் பாலிஷ் போன்ற சிலிக்கோன் கலந்தவற்றை ஒருநாளும் தேய்க்கக் கூடாது; பின்னாளில் பசையோ பூச்சோ அந்த இடத்தில் பிடிக்காது. தந்திகளை முடுக்கும் கீகள் சற்று இறுகியிருந்தன. ஒரு சொட்டு எண்ணெயில் இளகின. மாற்றியே தீர வேண்டியிருந்தால், புதிய துளை போடத் தேவையில்லாத கீகளைத் தேர்ந்தெடுத்து, பழையவற்றைப் பையில் கட்டிக் கிட்டாரோடு கொடுத்துவிட வேண்டும். மேற்பலகையைக் கீறல் படாமல் காக்கும் கருநிறத் தட்டின் ஒரு மூலை சற்றுச் சுருண்டிருந்தது. அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் தட்டுகள் வயதாகும்போது சுருங்கி, அடியில் உள்ள மேற்பலகையையும் பிளந்துவிடுவது உண்டு. இதில் பிளவு இல்லாததால், அதை வாங்குபவரின் கவனத்துக்கு எழுதிவைத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

விலைக்கு வருவோம். இணையத்தில் கேட்கப்படும் விலைகளைப் பார்க்காமல், உண்மையில் விற்று முடிந்த விலைகளைத் தேடிப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் பெரிய வேறுபாடு இருக்கும். அதே ஆண்டுகளைச் சேர்ந்த, மூலப் பூச்சோடு கூடிய டி-18கள் வெளிநாட்டில் போன விலையை எடுத்துக்கொண்டு, இங்கே வாங்குபவர்கள் குறைவு என்பதற்கும், மறுபடி ஒட்டிய பிரிட்ஜுக்கும், பின்பலகை விரிசலுக்கும், என்றாவது ஒருநாள் தேவைப்படக்கூடிய கழுத்து வேலைக்கும் கழித்து ஒரு தொகைக்கு வந்தேன். அது லட்சத்தைத் தாண்டியது. கழுத்து இப்போதே சாய்ந்திருந்தால், அந்த வேலைக்கான செலவு முழுவதையும், அதை எடுத்துப்போய்ச் செய்துவரும் சிரமத்தையும் கழிக்க வேண்டியிருந்திருக்கும்.

வெளிநாட்டுக்கு விற்கும் எண்ணம் இருந்தால் மரத்தையும் பார்க்க வேண்டும். மார்ட்டின் நிறுவனம் 1969 வாக்கில் டி-28 போன்றவற்றின் உடலுக்குப் பிரேசில் ஈட்டியை விட்டு இந்திய ஈட்டிக்கு மாறியது. பிரேசில் ஈட்டி 1992 முதல், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருப்பதால், உரிய சான்றிதழ் இல்லாமல் அது நாட்டெல்லையைத் தாண்டக் கூடாது. இந்திய ஈட்டி சேர்ந்த முழுமையான இசைக்கருவிகளுக்கு 2017இல் வந்த கட்டுப்பாடு 2019இல் தளர்த்தப்பட்டது. மிகப் பழைய ஐரோப்பியக் கிட்டார்களில் கழுத்தின் முனையில் தந்திகளைத் தாங்கும் நட்டும் சேடிலும் யானைத் தந்தமாக இருந்தால், அதை இந்தியாவில் விற்பதே குற்றம்.

விற்பனைக்கு வைத்தபோது நான் தந்த குறிப்பில் செய்த வேலைகள், செய்யாதவை, அளவுகள் எல்லாம் எழுதப்பட்டிருந்தன. ஸ்கேல் பிரிட்ஜைத் தொடும் இடத்தின் படத்தில், பக்கத்திலேயே ஈரமானியும் தெரியும்படி எடுத்திருந்தேன். எந்த ஈரப்பதத்தில் எடுத்த அளவு என்று சொல்லாத படத்தை நம்பி யாரும் பணம் கொடுக்கத் தேவையில்லை. அதை வாங்கியவர் கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுகளில் வாசிக்கும் இளைஞர். அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் அந்தக் குறிப்பிலிருந்தே வந்தன. பேரத்தில் அவர் குறைத்துக் கேட்ட தொகைக்கும் அந்தக் குறிப்பே காரணமாக இருந்தது, அது நியாயமும்கூட.

அவரிடம் நான் வேண்டிக்கொண்டவை சில. 0.011 அங்குலத்தில் தொடங்கும் சற்று மெல்லிய தந்திகளையே பூட்ட வேண்டும். கத்திரி வெயிலில் நிறுத்திவைத்த காருக்குள் கிட்டாரை விடக் கூடாது. உள்ளே சூடு அதிகமாக ஏறினால் பசை இளகக்கூடும். ஐப்பசியில் தந்தி உயர்ந்ததாகத் தோன்றினால் சேடிலைத் தேய்க்க யாரிடமும் கொடுக்காமல், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைத்துக்கொண்டு தை மாதம் வரை பொறுத்திருந்து, அதன்பிறகு அளக்க வேண்டும். பெங்களூருக்கோ டெல்லிக்கோ நிகழ்ச்சிக்குப் போகும்போது நிலைமை தலைகீழ். அங்கே வறண்ட மாதங்களில் ஈரப்பதம் 40க்குக் கீழே போகும் என்பதால், ஜெல்லை எடுத்துவிட்டு ஈரப் பஞ்சு வைத்த சிறு குழாயைப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.